டேர்போ காருக்கு முதலில் எதை மாற்றுவது?

கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன் போன வருடம் பழைய டேர்போ கார் ஒன்று வாங்கினான். இரண்டு லீற்றர் எஞ்சின். மூன்றாம் மாதமே, காற்றழுத்தத்தைக் கூட்டும் சிறு கருவி ஒன்றைத் தபாலில் எடுப்பித்துத் தானே பூட்டிவிட்டான். இரண்டு கிழமை கார் பறந்தது. பிறகு ஒருநாள், நல்ல கோடை மத்தியானம், நெடுஞ்சாலையில் நீலப்புகை கக்கியபடி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தபோது ஒரு பிஸ்ரன் உடைந்திருந்தது. அக்கா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு அவன் தொலைபேசியில் என்னைக் கேட்ட கேள்வி இது: "மாமா, எஞ்சின் செய்யிறதோட பெரிய டேர்போவும் ஒண்டு போடட்டோ?"

அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன். எம்மவர் வீடுகளில் இப்படி ஒரு தம்பியாவது இருப்பான் என்று தெரியும். நான் எஞ்சினியர் அல்ல, சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் விட்டவன். குவைத்தில் ஃபர்வானியாவில் அறை எடுத்து, தொழிற்சாலை ஒன்றில் கொம்பிறசர் பக்கம் வேலை செய்கிறேன். என் அறையில் இருக்கும் தஞ்சாவூர் அண்ணன் ஷுவைக்கில் கராஜ் வேலை. வெள்ளிக்கிழமைச் சமையலின்போது எங்கள் பேச்சு பெரும்பாலும் இதுதான்.

டேர்போ செய்வது என்ன?

எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூட்டுப்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே போகும் சாமான் அது. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடுதலாக எரியலாம், வலுவும் கூடும். சுவிஸ் நாட்டவரான அல்பிரட் பூஹி 1905 இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார்.

ஆனால் காற்றை அமுக்கினால் சூடேறும். எங்கள் தொழிற்சாலைக் கொம்பிறசரின் குழாயில் கை வைக்க முடியாது. வெளியே 20 பாகை செல்சியஸாக இருக்கும்போது காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டேர்போவை விட்டு வரும் காற்று ஏறக்குறைய 110 பாகையில் இருக்கும். வெளியே 45 பாகை என்றால் அது 140 ஐத் தாண்டும். இந்த நாட்டில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 யூலை 21 இல் 53.9 பாகை பதிவானது. இங்கே கராஜ்காரர் குதிரைவலுவைக் கேட்பதற்கு முன் சூட்டைக் கேட்பது அதனால்தான்.

சூடு மிஞ்சினால் பெற்றோல், பிளக் பொறி போடும் ஒழுங்கில் எரியாமல் தன்பாட்டில் வெடிக்கும். சுத்தியலால் தட்டுவதுபோல் 'டிக் டிக்' என்று கேட்கும். பிஸ்ரனை உடைப்பது இந்த அடிதான். பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். என் அப்பாவும் அப்படி ஓட்டியவர். சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவாராம். அவருடைய காது அன்று செய்த வேலையை இன்றைய கார்களில் ஒரு சென்சர் செய்கிறது. அது கவனித்துச் சமாளிக்கக்கூடிய எல்லையைத் தாண்டி அழுத்தத்தைக் கூட்டியதே மருமகன் விட்ட பிழை.

எந்த வரிசையில் செய்வது?

முதலாவது, கார் சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சமமா என்று அளப்பியுங்கள். காற்றுக் குழாய்களில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, காற்று ஏற்றிக் கசிவு பாருங்கள். ஒயில், பிளக், றேடியேற்றர் தண்ணீர் எல்லாம் புதிதாக இருக்கட்டும்.

இரண்டாவது மானிகள். அழுத்தத்தைக் காட்ட ஒன்று, காற்று-பெற்றோல் விகிதத்தைக் காட்ட ஒன்று. இவற்றால் வேகம் கூடாது, ஆனால் வரப்போகும் நட்டத்தை முன்கூட்டியே காட்டும். மருமகனின் காரில் இரண்டும் இல்லை.

மூன்றாவது பிறேக்கும் ரயரும். ஓடுவதற்கு முன் நிற்கப் பழக வேண்டும்.

நான்காவது இன்டர்கூலர். அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பெட்டி இது. பெரிதாகப் போட்டால் வலுவும் கிடைக்கும், எஞ்சினுக்கும் பாதுகாப்பு. பொருத்தும்போது றேடியேற்றருக்குப் போகும் காற்றை மறைக்கக்கூடாது. குழாய்க் கிளிப்புகளை ஓரிரு நாள் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

ஐந்தாவதாகத்தான் கணினியை மாற்றியமைத்து அழுத்தத்தைக் கூட்டுவது. இதை வீட்டு வாசலில் செய்யாமல், காரை உருளையில் ஏற்றி அளந்து செய்பவரிடம் கொடுங்கள். எந்தப் பெற்றோலுக்கு அமைத்தாரோ அதையே எப்போதும் அடிக்க வேண்டும். குவைத்தில் 91, 95, 98 ஒக்ரேன் உண்டு. 98 க்கு அமைத்த காருக்கு 91 அடித்தால் அந்தச் சுத்தியல் சத்தம் வந்துவிடும்.

பெரிய டேர்போ கடைசி. அதைப் போட்டால் பெற்றோல் பம்ப், இன்ஜெக்ரர், கிளட்ச் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். ரொயோட்டா சுப்ராவின் 2ஜேஸட் எஞ்சினில் எத்தனை குதிரைவலு எடுக்கிறார்கள் என்று தம்பிமார் சொல்வார்கள். அதன் உடல் வார்ப்பிரும்பு. எல்லா எஞ்சினும் அதைத் தாங்குவதுபோல் தாங்காது.

அமெரிக்காவில் 1962 இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், முதன்முதல் விற்பனைக்கு வந்த டேர்போ கார்களில் ஒன்று. எஞ்சினுக்குள் அடி விழாமல் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒன்றை அதில் நிரப்ப வேண்டும். வாங்கிய பலர் நிரப்ப மறந்தார்கள். திரவம் முடிந்தால் அழுத்தம் குறைந்து கார் சோர்ந்துவிடும். வலுவைக் கூட்டினால் பராமரிப்பும் கூடும் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

வாங்கக்கூடாதவை

'புஸ்' என்று சத்தம் போட்டுக் காற்றை வெளியே விடும் வால்வைப் பலர் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். உள்ளே வந்த காற்றை அளந்து பெற்றோல் விடும் கார்களில், அளந்த காற்று வெளியே போனால் கணக்குப் பிழைக்கும். பெற்றோல் கூடிப்போய்க் கார் இருமும். ஒயில் பூசிய திறந்த காற்று வடிகட்டியும் அப்படித்தான். ஒயில் கூடினால் காற்று அளக்கும் சென்சரில் படியும், தூசுப் புயல் அடிக்கும் எங்கள் ஊரில் மணலும் உள்ளே போகும்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். குவைத்தில் 2025 ஏப்ரல் 22 இலிருந்து புதிய போக்குவரத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது, தண்டங்கள் பலமாக ஏறியுள்ளன. கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள் எதை மாற்றினாலும் காப்புறுதிக்கு அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விபத்து நடந்தால் நட்டஈட்டை மறுத்துவிடக்கூடும். அந்தக் கடன் பெற்றோர் தலையில்தான் வந்து விழும்.

மருமகன் எஞ்சினைப் பழையபடியே செய்வித்தான். அழுத்தக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மானிகளும் வாங்கிப் பூட்டியிருக்கிறான். போன கிழமை கதைக்கும்போது பிறேக் என்ன விலை என்று கேட்டான். இம்முறை காசு அவனுடைய சொந்தச் சம்பளத்தில்.