‘வித்’ என்றால் சேர்ந்தா, எதிர்த்தா?

படிவம் மூன்றில் படித்தபோது, ஆங்கிலப் பாடத்தில் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் தாத்தாவைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: ‘மை கிராண்ட்ஃபாதர் ஃபாட் வித் தி ஜப்பானீஸ்’.

கட்டுரை திரும்பி வந்தபோது, ‘வித்’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். சேர்ந்து போரிட்டாரா, எதிர்த்துப் போரிட்டாரா என்று ஆசிரியர் கேட்டிருந்தார்.

இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்குக் கோபம். இலக்கணம் சரிதான். ஆனால் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருளும் பொருந்தும். என் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதே அதில் தெரியவில்லை.

இந்தக் குழப்பம் அந்தச் சொல்லோடு பிறந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்றால் ‘எதிராக’ என்பதே முக்கியப் பொருள். ‘உடன்’ என்று சொல்ல ‘மிட்’ என்ற வேறு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘மிட்’ என்றால் ‘உடன்’தான். ஆங்கிலத்திலோ, பின்வந்த நூற்றாண்டுகளில் ‘மிட்’ செய்த வேலையை ‘வித்’ எடுத்துக்கொண்டது.

பழைய தடயங்கள் இன்னும் அழியவில்லை. ‘மிட்வைஃப்’ என்றால் மருத்துவச்சி. ‘வைஃப்’ என்பதற்கு அன்று ‘பெண்’ என்று பொருள். பிரசவ நேரத்தில் தாயுடன் இருக்கும் பெண் அவர். ‘வித்ஸ்டேண்ட்’ என்றால் எதிர்த்து நிற்பது. ‘வித்ட்ரா’ என்றால் பின்வாங்குவது. ‘வித்ஹோல்ட்’ என்றால் கொடுக்காமல் பிடித்து வைப்பது. இந்த மூன்றிலும் ‘சேர்ந்து’ என்ற பொருளே இல்லை.

தமிழிலும் இப்படி உண்டு. ‘தம்பியோடு கடைக்குப் போனேன்’ என்றால் சேர்ந்து போனது. ‘தம்பியோடு சண்டை போட்டேன்’ என்றால் அவனே எதிராளி.

நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என நான்கு உருபுகளைச் சொல்கிறது. கருவி, செய்பவர், உடனிருப்பவர் ஆகிய மூவருக்கும் அந்த ஒரு வேற்றுமையே இடம் தருகிறது. நம் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘கத்தியால் வெட்டினேன்’, ‘அப்பாவால் வெட்டப்பட்டது’ இரண்டிலும் ‘ஆல்’ வருவதால், ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ‘பை’ போட்டுவிடுகிறோம். அங்கே கருவிக்கு ‘வித்’, செய்பவருக்கு ‘பை’. ‘கட் வித் எ நைஃப்’, ‘கட் பை மை ஃபாதர்’ என்று எழுத வேண்டும். அதேபோல் ‘அவரோடு திருமணம்’ என்பதை நினைத்து ‘மேரீட் வித்’ என்று எழுதாதீர்கள். ‘மேரீட் டு’ என்பதே சரி.

சரி, தாத்தா எந்தப் பக்கம்? அன்று மாலை அவரிடமே கேட்டேன். அவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து அதன் தலைமையை ஏற்றபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம்.

“ஜப்பான்காரனோட சேந்துதான் போனோம், வெள்ளக்காரன எதுத்து. பர்மா வரைக்கும் போனோம்” என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஆனா என் தம்பிய சயாம் ரயில் போட பிடிச்சிக்கிட்டுப் போனதும் அதே ஜப்பான்காரன்தான். அவன் திரும்பி வரல” என்றார்.

தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் அந்த வாக்கியத்தைத் திருத்தினேன். ஜப்பானியருக்கு முன்னால் ‘அலாங்சைட்’, பிரிட்டிஷாருக்கு முன்னால் ‘அகெய்ன்ஸ்ட்’. இனி யாருக்கும் சந்தேகம் வராது. மாணவர்களே, சண்டை, வாக்குவாதம், போட்டி பற்றி எழுதும்போது ‘வித்’ வந்தால் ஒருமுறை நின்று பாருங்கள். எந்தப் பக்கம் என்பது தெரியவில்லையென்றால் இந்த இரண்டில் ஒன்றைப் போடுங்கள்.

அதன் கீழே, ஆசிரியர் கேட்காத இன்னொரு வாக்கியத்தையும் எழுதினேன்: ‘ஹிஸ் பிரதர் வாஸ் டேக்கன் பை தி ஜப்பானீஸ்’. அதில் செய்தவர் யார் என்பதைச் சொல்ல ‘பை’ போதுமாக இருந்தது.