சிம்லாவைச் சுமந்த முதுகுகள்

சிம்லா வெள்ளைக்காரர்கள் உருவாக்கிய ஊர் என்பது பாதி உண்மைதான். 1864இல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் அதைக் கோடைத் தலைநகராக்கினார். 1888இல் வைஸ்ராய் மாளிகை எழுந்தது. ஆனால் கல்காவிலிருந்து மலை ரயில் வந்தது 1903இல். அதற்கு முன் ஆண்டுதோறும் ஓர் அரசாங்கமே மலையேறியதே, அத்தனை கோப்புகளும் மேசை நாற்காலிகளும் மேலே போனது எப்படி? மாட்டுவண்டியிலும் கோவேறு கழுதையிலும் மனிதர் முதுகிலும்தான். மலைக் கிராமத்து உழவர்களை வயல்வேலையிலிருந்து இழுத்துவந்து சுமக்கவைத்த ‘பேகார்’ என்ற கட்டாய உழைப்பு அங்கே வழக்கமாக இருந்தது. கோட்கரில் குடியேறிய அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ், 1920களின் தொடக்கத்தில் அதை எதிர்த்து மக்களைத் திரட்டினார். இன்றைய இமாசல ஆப்பிள் தோட்டங்களுக்கு வழிகாட்டியவரும் அவரே.

திட்டமிட்ட மூளை ஆங்கிலேயருடையது, மலைமக்கள் கூலிகள் மட்டுமே என்று சிலர் வாதிடலாம். பொறியாளர்களின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனாலும் அந்த ரயில்பாதைக்குத் தடம் காட்டியவர் என்று மக்கள் நினைவில் நிற்பவர் பல்கு என்ற எளிய மலைவாசி. சிம்லாவின் ரயில் அருங்காட்சியகம் அவர் பெயரைத்தான் தாங்குகிறது. ஓய்வுக்குப் போகிற இடத்தில் இந்தப் பழைய கதை எதற்கு என்றும் கேட்கலாம். அது பழங்கதை அல்ல. மால் ரோட்டில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், கடைச் சரக்கையும் விடுதிப் பெட்டிகளையும் இன்றும் முதுகில் ஏற்றிச் செல்கிறார்கள் சுமைதூக்கிகள். அவர்களில் பலர் பிழைப்புக்காகக் காஷ்மீரிலிருந்து வந்தவர்கள்.