சேலம்–நாமக்கல்லுக்கு ஓர் இதழ்: எப்படித் தொடங்கினால் நிற்கும்?

சேலத்தில் அச்சகங்களுக்குக் குறைவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விளம்பரம் தரக்கூடிய வியாபாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் சேலம்–நாமக்கல் பகுதியின் வாழ்க்கையையும் கலையையும் எழுதி, ஒரு தலைமுறையாவது தாக்குப்பிடித்த பொது இதழ் எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். முயற்சி நடக்காமல் இல்லை. பத்திரிகையாளர் நரசிம்மலு நாயுடு 1877-இலேயே ‘சேலம் தேசாபிமானி’யைத் தொடங்கினார். ஆனால் அவருடைய பத்திரிகைப் பணி செழித்தது கோயமுத்தூரில்தான். அங்கே போய் ‘கோயமுத்தூர் அபிமானி’, ‘கோயமுத்தூர் கலாநிதி’ என்று அடுத்தடுத்து நடத்தினார். அரை நூற்றாண்டு கழித்து, திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காக ராஜாஜி ‘விமோசனம்’ மாத இதழை நடத்தினார். உதவிக்கு இருந்தவர் கல்கி. அவ்வளவு பெரிய ஆட்கள் இருந்தும் அது நீடிக்கவில்லை. 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் ராஜாஜியையும் கல்கியையும் சிறைக்கு அழைத்துப் போனது. முதலாவது ஒரு மனிதரைச் சார்ந்திருந்தது, இரண்டாவது ஓர் இயக்கத்தை. மனிதர் ஊர் மாறினாலோ இயக்கம் வேறு திசையில் போனாலோ தாங்கிப் பிடிக்க, இது நம்முடையது என்று நினைக்கும் வாசகர் வட்டம் உள்ளூரில் உருவாகியிருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இன்றைக்கு இப்பகுதியின் பெருமை என்று சொல்லத்தக்கது ‘மணல்வீடு’. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் சிற்றிதழ் அது. கதை, கவிதையோடு தெருக்கூத்துக்கும் பொம்மலாட்டத்துக்கும் அது கொடுத்த இடம் பெரிது. ராத்திரி முழுக்க ஆடிவிட்டு விடிந்ததும் கூலி வேலைக்குப் போகும் கலைஞர்களை அது இலக்கிய வாசகர்களின் கண்ணில் படவைத்தது, அவர்களை மேடையேற்றிப் பாராட்டவும் செய்தது. கிராமத்திலிருந்து தரமான இதழ் வர முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை. ஆனால் சிற்றிதழ் என்பது தேடிப் போகும் வாசகருக்கானது. பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவர், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்பவர் ஆகியோர் வீட்டு மேஜையில் கிடக்கும் இதழ் வேறு வகை. அந்த இடம்தான் காலியாக இருக்கிறது.

அதை எப்படி நிரப்பக் கூடாது என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல பாடம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1951-இல் ‘ஆப்பிரிக்கன் டிரம்’ என்ற இதழ் தொடங்கியது. பழங்குடிக் கதைகளும் பழம்பெருமையும்தான் கறுப்பின வாசகருக்குப் பிடிக்கும் என்று அதை நடத்திய வெள்ளையர்கள் நினைத்தார்கள். நகரத்து வாசகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இதழ் ஜோகன்னஸ்பர்க்குக்கு இடம் மாறி, பெயரை ‘டிரம்’ என்று சுருக்கிக்கொண்டு, ஜாஸ் இசை, குத்துச்சண்டை, நகரத் தெருக்களின் வாழ்க்கை என்று எழுதத் தொடங்கிய பிறகே உயிர் பெற்றது. பெத்தல் பண்ணைகளில் கூலிகள் பட்ட கொடுமையை ஹென்றி நுக்குமாலோ 1952-இல் அம்பலப்படுத்தியதும் அதே இதழில்தான். வாசகரின் இன்றைய வாழ்க்கையைப் பேசாத பண்பாட்டு இதழை வாசகர் தொடுவதில்லை என்பதே அங்கே நடந்தது.

இங்கேயும் கொல்லிமலை வரலாறு, கோயில் சிற்பம், மல்கோவா மாம்பழம் என்று பழம்பெருமையை மட்டும் அடுக்கினால் மூன்று இதழில் சரக்கு தீர்ந்துவிடும். தீராத சரக்கு தொழிலில் இருக்கிறது. குச்சிக்கிழங்கு ஜவ்வரிசியாக மாறும் வழியில் விவசாயி, ஆலைக்காரர், வியாபாரி மூவரின் உறவும் இருக்கிறது. 1981-இல் பிறந்த சேகோசர்வ் கூட்டுறவின் கதையும், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வியும் அதில் அடங்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களுக்குப் போகின்றன, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. மாதக்கணக்கில் வீடு திரும்பாத அந்த ஆட்களின் சாப்பாடு, பாட்டு, வீட்டுப் பெண்களின் தனிமை எல்லாமே பண்பாடுதான். நாமக்கல் முட்டை விலை நாளிதழில் தினமும் வருகிறது. கோழிப்பண்ணைக் குடும்பத்தின் ஒரு நாள் எங்கே வருகிறது? சாயங்காலத் தள்ளுவண்டியில் விற்கும் தட்டுவடை செட்டுக்கும் அதே மரியாதையோடு நான்கு பக்கம் கொடுக்கலாம்.

சட்டம் இப்போது பெரிய தடையில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்து இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். மாவட்ட நிர்வாகம் 60 நாளுக்குள் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். உண்மையான சிக்கல் பணம். கடையில் போட்டால் விற்றது போக மீதி திரும்பி வரும், கமிஷன் போகும், காசு கைக்கு வர மாதங்களாகும். விளம்பரத்தை மட்டும் நம்பினால் நகைக்கடையும் தனியார் கல்லூரியும் ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்காரும். அதனால் ஆண்டுச் சந்தாவே முதுகெலும்பாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது யார் காசு கொடுத்துப் படிப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செய்தியை அப்படி விற்க முடியாது. ஆனால் வாட்ஸ்அப்பில் வருவது நாளைக்கே மறைந்துபோகும், அதைச் சரிபார்க்கவும் ஆள் இல்லை. தன் தொழிலை, தன் தெருவை, பெயரும் ஆண்டும் பிழையில்லாமல் அச்சிட்டுத் தந்தால் அதைப் பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் சாதியும் பயமும். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தையில் பணியவைக்கப்பட்டதையும், எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்ததையும் யாரும் மறக்கவில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. இதை எல்லாம் பார்த்த பிறகு உள்ளூரில் இதழ் நடத்துவது வம்பு என்று சொல்பவர்களைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சம்பவம் எனக்குச் சொல்வது வேறு. உள்ளூர் வாழ்க்கையைப் பற்றிப் பொறுமையாக வாதாட உள்ளூரில் ஒரு பொது இடம் இல்லாததால்தான், சில பக்கங்களின் நகல் கைமாறி ஊர் கொதித்தது. மறுப்பை அதே எழுத்தளவில் அச்சிடும், ஒரே சாதியாரின் கையில் சிக்காத ஆசிரியர் குழு உள்ள இதழ் அந்தச் சூட்டைத் தணிக்கும். ஆகவே தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது முதலாளியை அல்ல, பல தெருக்களிலிருந்து வரும் ஐந்தாறு ஆசிரியர்களை. இந்த ஊர்களின் வணிகர் சங்கங்களுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் நெசவாளர் கூட்டுறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அப்படியொரு குழு உங்கள் வாசலுக்கு வந்தால் முழுப்பக்க விளம்பரம் தர வேண்டாம், ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகக் கொடுங்கள்.