கலவைக்குக் காப்புரிமை: ஆய்வாளர் என்ன கேட்பார்?



வேதியியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "மகள் ஆய்வகத்தில் ஒரு கலவை செய்திருக்கிறாள். நன்றாக வேலை செய்கிறதாம். அதற்கு பேட்டன்ட் கிடைக்குமா?"

கிடைக்கலாம். ஆனால் அந்தக் கலவை முதலில் காப்புரிமை அலுவலகத்தில் ஓர் ஆய்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்விகள் எவை என்பதை, நம் எல்லோர் கையிலும் உள்ள செல்போனுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கலவையை உதாரணமாக வைத்து விளக்குகிறோம்.

ஒளி பட்டால் மாறும் பிசின்

திருமண அழைப்பிதழ் அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையைப் பார்த்திருப்பீர்கள். துணித் திரையில் ஒளி பட்டால் இறுகும் பசை ஒன்றைப் பூசுவார்கள். அதன் மேல் எழுத்துள்ள பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகிவிடும்; எழுத்து மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாக மை இறங்கும்.

செல்போனுக்குள் இருக்கும் சிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகிறது. சிலிக்கான் தகட்டில் ஒளி உணரும் பிசினை மெல்லிய படலமாகப் பூசி, மாஸ்க் எனும் அச்சு வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, டெவலப்பர் கரைசலில் கழுவுகிறார்கள். பிசின் நீங்கிய இடத்தில் மட்டும் தகடு அரிக்கப்படும். அரிப்பைத் தாங்கி நிற்பதால் இந்தப் பிசினுக்கு போட்டோரெசிஸ்ட் என்று பெயர்.

ஒளியின் அலைநீளம் குறையக் குறைய கோடுகளை மெல்லியதாக வரையலாம். 365 நானோமீட்டரில் இருந்து 248, 193 என்று இறங்கி, இன்று 13.5 நானோமீட்டர் வரை வந்திருக்கிறார்கள். 248-க்கு இறங்க முயன்றபோது பழைய பிசின்கள் போதவில்லை. அந்த அலைநீளத்தில் கிடைத்த ஒளியும் மங்கலாக இருந்தது. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் ஹிரோஷி இட்டோ, கிராண்ட் வில்சன், ஜான் பிரெஷே ஆகிய மூவரும் இதற்கு வழி கண்டார்கள். ஒளி பட்டதும் கலவையில் சிறிது அமிலம் பிறக்கும். பிறகு சூடாக்கும்போது, அதே அமிலத் துகள் தான் அழியாமல் பிசினின் பல இடங்களை ஒவ்வொன்றாக மாற்றிச் செல்லும். கொஞ்சம் ஒளி, பெரிய விளைவு. இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1985 ஜனவரி 1 அன்று 4,491,628 என்ற எண்ணில் வழங்கப்பட்டது.

நான்கு கேள்விகள்

இத்தகைய கலவைக்கு நம் நாட்டில் விண்ணப்பித்தால் ஆய்வாளர் என்ன பார்ப்பார்?

முதலாவது, இது புதியதா? உலகில் எங்கேனும், எந்த மொழியிலேனும் இதே கலவை முன்பே வெளியாகியிருந்தால் அத்துடன் முடிந்தது.

இரண்டாவது, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா? ஒரு கரைப்பானை எடுத்துவிட்டு அதைப் போன்ற இன்னொன்றைச் சேர்த்தால், "யாரும் செய்திருப்பார்களே" என்பார். இன்னொன்றைப் பாருங்கள். அமிலத்தால் வேலை செய்யும் பிசினில், அமிலத்தை முறிக்கும் காரத்தைச் சேர்ப்பது கெடுதல் என்றே முதலில் தோன்றும். ஆனால் மிகச் சிறிதளவு சேர்த்தால், ஒளி படாத பகுதிக்குள் அமிலம் பரவாமல் தடுக்கப்பட்டுக் கோடுகள் கூர்மையாகின்றன. எதிர்பாராத பலன் என்பது இதுதான். இப்படி ஒன்றை முதலில் கண்டு நிரூபிப்பவரின் வாதம் வலுவாக நிற்கும்.

மூன்றாவது, இது வெறும் கலப்புதானா? இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 3(இ) படி, சேர்ந்த பொருள்களின் குணங்கள் அப்படியே கூடி நிற்கும் கலவைக்குக் காப்புரிமை இல்லை. இரண்டும் சேரும்போது, தனித்தனியே இல்லாத பலன் பிறக்க வேண்டும்.

நான்காவது, கேட்கும் அளவுக்குச் செய்து காட்டியிருக்கிறீர்களா? "5 முதல் 30 பங்கு வரை" உரிமை கேட்டுவிட்டு, 10 பங்கிலும் 12 பங்கிலும் மட்டும் சோதனை காட்டினால், மீதி எல்லைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார். எல்லைக்கு வெளியே செய்து தோற்ற சோதனைகளும் அட்டவணையில் இருந்தால்தான் எல்லைக்கு உள்ளே கிடைக்கும் பலன் தெரியும்.

காப்புரிமை ஓர் உடன்படிக்கை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அரசு தனி உரிமை தருகிறது. அதற்கு ஈடாக நாம் அறிந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். நிரூபித்த அளவுக்குத்தான் உரிமை.

நம் பிள்ளைகள் இழப்பது எங்கே?

நல்ல கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் ஆய்வாளரிடம் போவதற்கு முன்பே கைநழுவிவிடுகின்றன. கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டுவது, இதழில் கட்டுரை வெளியிடுவது, ஆய்வேட்டை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது ஆகியவை மகிழ்ச்சியான காரியங்கள்தாம். ஆனால் விண்ணப்பத்திற்கு முன் செய்தால், முதல் கேள்வியிலேயே நம் சொந்தக் கட்டுரை நமக்கு எதிராக நிற்கும். கற்றோர் அவையில் வாசித்த கட்டுரைக்கு 12 மாத அவகாசம் போன்ற விலக்குகள் சட்டத்தில் உண்டு. அவை மிகக் குறுகியவை. அவற்றை நம்பி இருக்க வேண்டாம்.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்:

சோதனைக் குறிப்பேட்டில் தேதியிட்டு, தோற்ற சோதனைகளையும் எழுதி வைக்கட்டும்.

வெளியிடும் முன் வழிகாட்டி ஆசிரியரிடம் பேசட்டும். உரிமை மாணவருக்கா, கல்லூரிக்கா என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

சோதனைகள் முழுமையடையாவிட்டால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். 12 மாதத்திற்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய்.

விண்ணப்பம் போட்டால் மட்டும் ஆய்வு தொடங்காது. ஆய்வுக் கோரிக்கையைத் தனியாக, 4,000 ரூபாய் கட்டி, 31 மாதத்திற்குள் தர வேண்டும். மறந்தால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

ஆய்வாளரின் முதல் அறிக்கை ஆட்சேபங்களோடு வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அப்படித்தான் வரும். 6 மாதத்திற்குள் சான்றுகளோடு பதில் தரலாம்.

தமிழகத்திற்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே அந்தக் கேள்விகளைக் கேட்கும் ஆய்வாளர் பணிக்கும் அறிவியல் முதுகலைப் பட்டதாரிகள் மத்திய அரசின் தேர்வு எழுதிச் செல்லலாம். ஆய்வகத்தில் நிற்கும் நம் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் இந்த இரு வழிகளும் திறந்தே இருக்கின்றன.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் குறிப்பேட்டில் தேதி போட்டிருக்கிறாயா?"