அட்டையிலிருந்து பெட்டிக்கு

தேய்த்த பைஜாமாக்களை அரை டஜன் அரை டஜனாக அட்டையின்மேல் அடுக்கி வந்தவர்கள், இனி அவற்றைப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். நேரத்தை அளந்து பார்த்தவர்களின் கணக்குப்படி, வேலையில் மாறியது ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூர். அங்கிருந்த ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையில் 1940-களின் பிற்பகுதியில் நடந்தது இது. நிர்வாகம் கூட்டம் போட்டது. சந்தையில் போட்டி கடுமை என்று காரணம் சொன்னது, உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற புதிய பீஸ் ரேட்டை அறிவித்தது, கேள்விகளுக்குப் பதிலும் தந்தது. ஆனாலும் தேய்ப்புப் பிரிவின் 18 பேர் கொதித்துப்போனார்கள். மணிக்கு 60 அலகு என்ற அளவை எட்டாமல் உற்பத்தி 50-ஐச் சுற்றியே நின்றது. நாற்பது நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். ரேட் குறைவு என்று புகார் எழுந்தது. சரிபார்த்தால், அது கொஞ்சம் தாராளமாகவே இருந்தது!

அந்த ஆலையில் இது புதிதல்ல. வேலை மாற்றப்பட்ட அனுபவசாலி பழைய வேகத்தைப் பிடிக்க, புதிதாகச் சேர்ந்தவர் தொழில் கற்பதைவிட அதிக நாள் எடுத்தது. பழகிய கை திரும்பாது என்று சொல்லிவிடலாம். ஆலையின் பணியாளர் மேலாளர் லெஸ்டர் காக்கும் உளவியலாளர் ஜான் பிரெஞ்சும் அதை ஏற்கவில்லை. கோளாறு கையில் இல்லை, மனம் விட்டுப்போனதில் இருக்கிறது என்று கருதினார்கள். குழுக்களின் உளவியலை ஆராய்ந்த கர்ட் லெவினின் வழியில் வந்தவர்கள் அவர்கள். நாஜிகளின் ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய லெவின், 1939 முதல் இந்த ஆலையோடு தொடர்பில் இருந்தார்.

இதைச் சோதிக்க, அதேபோல் வேலை மாற்றப்பட்ட மற்றக் குழுக்களில் கூட்டம் வேறு மாதிரி தொடங்கியது. கண்முன் இரண்டு ஆடைகள், பார்க்க ஒன்றுபோலவே. ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு விலைக்கு விற்றது. எது விலை குறைந்தது? யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைத்தாக வேண்டும் என்பதை அறிவிப்பாகக் கேட்காமல் கண்ணால் பார்த்துவிட்டார்கள். மடிக்கும் பிரிவில் 13 பேர், தங்கள் பிரதிநிதிகள் மூலம் புதிய முறையை வகுத்தார்கள். செக்கிங் பிரிவின் இரு சிறு குழுக்களில் எட்டுப் பேரும் ஏழு பேருமாக எல்லோருமே உட்கார்ந்து பேசினார்கள். குறிப்பெடுத்தவர் திணறும் அளவுக்கு யோசனைகள் கொட்டின. இந்த இரு குழுக்களும் சில நாட்களிலேயே பழைய வேகத்தைப் பிடித்து, பிறகு 14 சதவீதம் தாண்டின. அந்த நாற்பது நாட்களில் ஒருவரும் விலகவில்லை.

குழுக்கள் சிறியவை, செய்த வேலைகளும் வேறு வேறு என்ற குறை உண்மை. பிரெஞ்சும் வேறு இருவரும் நார்வேயின் காலணி ஆலை ஒன்றில் இதேபோல் செய்து 1960-இல் வெளியிட்ட ஆய்வில் உற்பத்தி கூடவில்லை. அங்கே தொழிலாளர்களின் முடிவுக்கு விடப்பட்டவை சின்ன விஷயங்கள். ஆகவே, கூப்பிட்டு உட்காரவைத்தாலே போதும் என்று இதைப் படிக்கக்கூடாது.

எனக்கு மறக்க முடியாதது ஹார்வுட்டின் கடைசிப் பகுதிதான். இரண்டரை மாதம் கழித்து, முரண்டு பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கிய அந்தத் தேய்ப்புக் குழுவில் எஞ்சிய 13 பேரைத் திரும்ப ஒன்றுசேர்த்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். இம்முறை எல்லோரையும் சேர்த்துப் பேசித் திட்டமிட்டார்கள். உற்பத்தி விறுவிறுவென்று ஏறி, அவர்களின் பழைய அளவையும் கடந்தது. ஒருவர்கூட வேலையை விடவில்லை.