தூக்கமும் மூச்சும் – 9
எடை இறங்கிவிட்டது, மெஷினைக் கழற்றலாமா?

“ஆபரேஷன் முடிஞ்சு முப்பது கிலோ இறங்கிடுச்சு சார். குறட்டையும் நின்னுபோச்சு. இனி ராத்திரி அந்த மெஷின் எதுக்கு?”

பெங்களூரு பிரேசர் டவுன் கோல்ஸ் பார்க்கில், காலை நடைக்கு வரும் ஒருவர் கேட்டது இது. எடை குறைக்கும் பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொண்டவர். அவர் மெஷின் என்றது, ஸ்லீப் ஆப்னியாவுக்காக இரவில் மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை. கேள்வி நியாயமானது. ஆனால் பதிலை அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டை அடைபட்டு, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. இது மணிக்கு 5 தடவைக்குள் என்றால் இயல்பு. 15-ஐத் தொட்டால் நடுத்தர நோய். 30-ஐத் தாண்டினால் கடுமை.

எடை குறைந்தால் மூச்சு ஏன் சீராகிறது? கழுத்துச் சதை கரைவதால் என்றே பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடைக்குறைப்பில் இறங்கிய 67 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சுத்தடை குறைந்ததற்கு முதன்மைக் காரணமாகத் தெரிந்தது, நாக்கில் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்ததுதான்.

தொப்பைக்கும் பங்கு உண்டு. மல்லாந்து படுக்கும்போது அது உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலின் கொள்ளளவு குறைகிறது; மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் விசை தளர்கிறது; தொண்டை எளிதில் மூடிக்கொள்கிறது. தொப்பை இறங்கினால் அந்தப் பிடிப்பு திரும்புகிறது.

ஆனால் தாடை எலும்பின் அளவை எந்தப் பேரியாட்ரிக் சர்ஜரியும் மாற்றாது. உள்வாங்கிய சிறு தாடையும் பெருத்த டான்சிலும் அப்படியே இருக்கும். 2009-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சர்ஜரிக்கு முன் மணிக்குச் சராசரி 54.7 ஆக இருந்த மூச்சுத்தடை, பின்பு 15.8 ஆனது. பெரிய இறக்கம்தான். ஆயினும் 15.8 என்பது இன்னும் நோய்தான். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் களைக்கும், வண்டி ஓட்டும்போது கண் சொக்கும்.

அதனால் குறட்டை ஓய்ந்ததை மட்டும் நம்பி மெஷினை மூலையில் வைக்காதீர்கள். எடை ஓரிடத்தில் நிலைத்ததும் டாக்டரிடம் கேட்டு மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்துகொள்ளுங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸிலேயே இதற்கான ஆய்வுக்கூடம் உண்டு. அதுவரை மெஷினைத் தொடருங்கள். கன்னம் வற்றியதும் மாஸ்க் தளர்ந்து காற்று கசியலாம். மெஷினின் பழைய காற்றழுத்தம் இப்போது அதிகமாகி வயிறு உப்பலாம். இரண்டையும் சரிசெய்ய முடியும். டாக்டரிடம் சொன்னால் போதும்.

பரிசோதனையே “நோய் இல்லை” என்று சொன்னால் மகிழ்ச்சியோடு மெஷினைக் கழற்றுங்கள். எடை மறுபடி ஏறினால் மறுபடி சோதியுங்கள். உடல் எடை 10 சதவீதம் கூடினால் மூச்சுத்தடை ஏறத்தாழ 32 சதவீதம் கூடும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000-லேயே கணித்திருக்கிறது. சர்ஜரி உங்களுக்குப் பெரிய வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. அதை அளந்து பார்த்துக் காப்பாற்றிக்கொள்வது உங்கள் கையில்.

(அடுத்த வாரம்: ஸ்லீப் ஆப்னியாவுக்கென்று 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த முதல் மருந்து, டிர்செபடைடு.)