ரிலீஸ்ல ஓடுது, டீபக்ல உடையுது: சி ஹெட்டர்ல இன்லைன்

திண்டுக்கல்லேருந்து பேசுறேன். இன்னைக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்குற ஒரு எரர் பத்திப் பார்ப்போம். சி ஹெட்டர் ஃபைல்ல சின்னதா ஒரு இன்லைன் ஃபங்ஷன். ரிலீஸ் பில்டு சுத்தமா வருது. டீபக் பண்ணலாம்னு ஆப்டிமைசேஷனை நிறுத்துனா, லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'னு நிக்குது. கோடுல ஒரு எழுத்துகூட மாறல. அப்போ என்னதான் மாறுச்சு?

சி99 விதிப்படி, ஹெட்டர்ல வெறும் 'இன்லைன்'னு எழுதுனா அர்த்தம் இதுதான்: "இதைக் கைவசம் வெச்சுக்கோ, அசல் வேற ஃபைல்ல இருக்கு." அந்தப் பேருக்கு வெளியே தெரியுற டெஃபனிஷனை கம்பைலர் உருவாக்காது. ஆப்டிமைசேஷன் இருந்தா, கூப்பிடுற இடத்துலயே கோடைப் பதிச்சிடும். அசலைத் தேட வேண்டிய வேலையே வராது. இல்லைன்னா லிங்கர் அசலைத் தேடும், கிடைக்காது. நம்ம ஊர் பூட்டுப் பாஷையில சொன்னா, எல்லார் கையிலயும் டூப்ளிகேட் சாவி இருக்கு, அசல் சாவியை யாருமே செய்யல.

இதுக்கு ஒரு வரலாறு உண்டு. சி தரத்துக்குள்ள இன்லைன் வந்தது 1999-ல. ஜிசிசி அதுக்கு முன்னாடியே தன் பாணியில வெச்சிருந்துச்சு, அதுவும் நேர் தலைகீழா. அங்க வெறும் 'இன்லைன்' டெஃபனிஷனை உருவாக்கும், 'எக்ஸ்டெர்ன் இன்லைன்' உருவாக்காது. 2015-ல வந்த ஜிசிசி 5, டீஃபால்ட்டை ஜிஎன்யூ89-லேருந்து ஜிஎன்யூ11-க்கு மாத்துச்சு. பழைய கோடு ரெண்டு விதமா உடைஞ்சுது. வெறும் இன்லைனை நம்புனவங்களுக்கு அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ். ஹெட்டர்ல எக்ஸ்டெர்ன் இன்லைன் வெச்சவங்களுக்கு ஃபைலுக்கு ஒரு அசல் உருவாகி, 'மல்டிபிள் டெஃபனிஷன்'.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆப்ஜெக்ட் ஃபைல்கள் மேல 'என்எம்' கமாண்டை ஓட்டுங்க. பேருக்கு முன்னாடி 'யூ' இருந்தா, அந்த ஃபைல் அதைத் தேடுது. பெரிய 'டி'ன்னா டெஃபனிஷன் அங்க இருக்கு, வெளியேயும் தெரியும். சின்ன 'டி'ன்னா அந்த ஃபைலோட சரி. எங்க பார்த்தாலும் 'யூ'ன்னா அசல் இல்ல. ரெண்டு இடத்துல பெரிய 'டி'ன்னா அசல் கூடிப்போச்சு.

பெரும்பாலும் 'ஸ்டாட்டிக் இன்லைன்' போதும். ஃபைலுக்கு ஒரு தனிக் காப்பி, மோதலே வராது. ஆனா அந்த ஃபங்ஷனோட அட்ரஸை ஃபைலுக்கு ஃபைல் ஒப்பிட்டா ஒத்துப்போகாது. ஒரே அசல்தான் வேணும்னா, ஹெட்டர்ல இன்லைன் அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு சி ஃபைல்ல ஹெட்டரை இன்க்ளூட் பண்ணி, 'எக்ஸ்டெர்ன் இன்லைன்'னு டிக்ளரேஷன் வரி ஒண்ணு போடுங்க. கை வைக்க முடியாத பழைய கோடா? ஜிஎன்யூ89 இன்லைன் ஃப்ளாகைக் கொடுத்து கம்பைல் பண்ணுங்க.

சி++ பழகிட்டு வர்றவங்க ஒண்ணு கவனிங்க. அங்க பல ஃபைல்ல இருக்குற காப்பிகளை லிங்கரே ஒண்ணாக்கிடும். சி அப்படி இல்ல; அசல் எங்கன்னு நீங்கதான் சொல்லணும்.